தெரிந்த பாட்டுக்கு ஏன் இத்தனை கைதட்டல்? ஜூடி கார்லண்டின் கார்னகி ஹால் இரவு

1961 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கத் தொடங்குகிறது. பாடகி இன்னும் மேடைக்கு வரவில்லை. ஒரு மெட்டு எழுந்ததுமே அரங்கம் கைதட்டுகிறது. அந்த மெட்டு இன்னொன்றாக மாறும்போது கைதட்டல் கூடுகிறது. மூன்றாவது மெட்டுக்கும் அதேதான். மூன்றும் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சினிமாவிலும் ரேடியோவிலும் பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு ஊறியவை.

இந்த ஆல்பத்தை முதல் தடவை கேட்டபோது அந்தத் தொடக்கத்தை நான் தள்ளிவிட்டு நேராகப் பாட்டுக்குப் போய்விட்டேன். வெறும் வாத்தியம்தானே, அவர் எப்போது பாடுவார் என்ற அவசரம். பல மாதம் கழித்து ஒரு ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்தக் கைதட்டலைக் கவனித்தேன். மெட்டு பிடிபட்ட கணத்தில் எழும் கைதட்டல் அது. "ஆமாம், இது நம்ம பாட்டு" என்று கூட்டம் சொல்வது போல இருக்கும்.

பாடகியின் பெயர் ஜூடி கார்லண்ட். ஆல்பத்தின் பெயர் 'ஜூடி அட் கார்னகி ஹால்'. கேப்பிடல் நிறுவனம் இதை அதே ஆண்டு ஜூலையில் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருதை வாங்கியது; அந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஜூடிதான். சிறந்த பாடகிக்கான விருது, ஒலிப்பதிவுக்கான விருது, அட்டைப் படத்துக்கான விருது என்று கூடவே இன்னும் சில. இத்தனைக்கும் அதில் ஒரு புதுப் பாட்டுகூடக் கிடையாது.

எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளை, தெரிந்த ஒருவர், திரும்பப் பாடியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? இந்தக் கேள்வி வந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. பதில் தெரிய, முதலில் இரண்டு மூன்று வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரிய வேண்டும்.

ஷோ டியூன், ஸ்டாண்டர்டு

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பிராட்வே என்ற சாலையைச் சுற்றி நாடக அரங்குகள் நிறைய உண்டு. அங்கே நடக்கும் ஒரு வகை நாடகத்துக்கு மியூசிக்கல் என்று பெயர். வசனம், பாட்டு, ஆட்டம் மூன்றும் கலந்த நாடகம். கதையில் ஒருவனுக்குக் காதல் வந்துவிடுகிறது. பேசிச் சொல்ல முடியாத கட்டத்தில் பாடிவிடுகிறான். அப்படி நாடகத்துக்காக எழுதப்பட்ட பாட்டுதான் ஷோ டியூன். பின்னாளில் ஹாலிவுட் இசைப் படங்களுக்காக எழுதியவற்றையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்: ஜார்ஜ் கெர்ஷ்வின், வரிகள் எழுதிய அவருடைய அண்ணன் ஐரா, இர்விங் பெர்லின், கோல் போர்ட்டர், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், லாரன்ஸ் ஹார்ட், ஹெரால்ட் ஆர்லன். ஆர்லன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வருவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாடகம் படுத்துவிடும், பாட்டு பிழைத்துக்கொள்ளும். 1946-இல் 'செயின்ட் லூயிஸ் வுமன்' என்று ஒரு மியூசிக்கல் வந்தது. சில மாதங்களுக்கு மேல் ஓடவில்லை; இன்று அதன் கதை யாருக்கும் நினைவில்லை. ஆனால் அதற்காக ஆர்லன் இசையமைத்து ஜானி மெர்சர் எழுதிய 'கம் ரெயின் ஆர் கம் ஷைன்' இன்றைக்கும் பாடப்படுகிறது. இன்னொன்று, கெர்ஷ்வின் சகோதரர்களின் 'ஹவ் லாங் ஹாஸ் திஸ் பீன் கோயிங் ஆன்'. 1927-இல் ஒரு நாடகத்துக்காக எழுதினார்கள். அரங்கேறும் முன்பே அதிலிருந்து தூக்கிவிட்டார்கள். மறு ஆண்டு வேறொரு நாடகத்தில் செருகினார்கள். சொந்த வீட்டிலேயே இடம் கிடைக்காத அந்தப் பாட்டும் ஜூடியின் கச்சேரியில் இருக்கிறது.

இப்படி, பிறந்த நாடகத்தையோ படத்தையோ விட்டுக் கிளம்பி, பாடகர் மாற்றிப் பாடகர் என்று கைமாறி நிலைத்துவிட்ட பாட்டுக்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். பெரும்பாலும் 1920-களிலிருந்து 1950-கள் வரை எழுதப்பட்டவை. சில, எந்த நாடகத்தையும் சேராமல் தனிப் பாட்டாகவே எழுதப்பட்டு இந்த வரிசையில் வந்து சேர்ந்தவை. ஒரு ஸ்டாண்டர்டைப் பற்றி "இது யாருடைய பாட்டு?" என்று கேட்டால் எழுதியவர் பெயரைத்தான் சொல்ல முடியும். பாடியவர்கள் நூறு பேர் இருப்பார்கள்.

ஒரு தியாகராஜர் கீர்த்தனையை இவர் பாடினால் எப்படி, அவர் பாடினால் எப்படி என்று ஒப்பிட்டுக் கேட்கிற பழக்கம் நம்மிடம் உண்டல்லவா? சினிமாப் பாட்டில் அது குறைவு. முதலில் பாடியவரின் குரலோடு பாட்டு ஒட்டிக்கொள்ளும். வேறு யார் பாடினாலும் நமக்கு நகல்தான். ஸ்டாண்டர்டு என்பது நாடகத்திலோ சினிமாவிலோ பிறந்து, கீர்த்தனை மாதிரி வாழ்கிற பாட்டு. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம், இழுத்தால் கிழியும்.

பாட்டின் கட்டுமானம் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. பழைய ஷோ டியூன்களில் பலவற்றுக்கு 'வெர்ஸ்' என்று ஒரு முன்பகுதி உண்டு. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் படிக்கட்டு போல இருக்கும். பாதி பேசுவது, பாதி பாடுவது. நாடகத்துக்கு வெளியே பாடுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அப்புறம் வருவதுதான் எல்லாருக்கும் தெரிந்த பகுதி. அது பெரும்பாலும் 32 தாளக் கட்டுகள் கொண்டது, எட்டு எட்டாக நான்கு துண்டு. முதல் துண்டில் ஒரு மெட்டு. இரண்டாவதில் அதே மெட்டு, வேறு வரிகள். மூன்றாவதில் மெட்டு வேறு பக்கம் திரும்பும். நான்காவதில் பழைய மெட்டு வீட்டுக்குத் திரும்பும். ஜூடியின் புகழ்பெற்ற பாட்டான 'ஓவர் த ரெயின்போ' இந்த அச்சில் வார்த்ததுதான். 1939-இல் 'த விசர்ட் ஆஃப் ஓஸ்' படத்துக்காக ஆர்லன் இசையமைத்தார், யிப் ஹார்பர்க் எழுதினார். அதன் முதல் சொல்லின் இரண்டு அசைகளைக் கவனியுங்கள். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஒரே தாவல். எங்கேயோ தூரத்தில் இருக்கிற ஓர் இடத்துக்கு ஏங்கும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது. இந்தப் பாட்டையும் முன்னோட்டக் காட்சிகளுக்குப் பிறகு படத்திலிருந்து வெட்டப் பார்த்தார்கள் என்பது தனிக் கதை.

மேடையைத் தட்டில் ஏற்றுவது

இன்று எந்தக் கச்சேரி என்றாலும் பத்துப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதனால் லைவ் ஆல்பம், அதாவது மேடைக் கச்சேரியை அப்படியே பதிந்த ஆல்பம், ஒரு காலத்தில் புதுமை என்பதே மறந்துபோகிறது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய தட்டில், வழக்கமான அளவில், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் தட்டு முடிந்துவிடும். இதில் எங்கே கச்சேரியைப் பதிவது? 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்திய பிறகு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பதிய முடிந்தது. கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் 1938 ஜனவரியில் இதே கார்னகி ஹாலில் நடத்திய ஜாஸ் கச்சேரி, பன்னிரண்டு ஆண்டு கழித்து 1950-இல் எல்.பி.யாக வந்து சக்கைப்போடு போட்டது. கூட்டத்தின் சத்தத்தோடு சேர்த்து இசையை விற்கலாம் என்று நிறுவனங்களுக்குத் தெரிந்துவிட்டது. 1959-இல் பாடகர் ஹாரி பெலஃபான்டேயின் கார்னகி ஹால் கச்சேரியும் ஆல்பமாக வந்தது.

ஸ்டுடியோவில் பாடகர் ஒரு வரியை இருபது தடவை பாடலாம்; நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடலாம். மேடையில் ஒரே தடவைதான். இருமல், மூச்சு வாங்கல், மறதி எல்லாம் டேப்பில் ஏறிவிடும். பிசகு இல்லாத பாட்டு வேண்டும் என்றால் ஸ்டுடியோ ஆல்பம் வாங்கலாம். லைவ் ஆல்பத்தில் கிடைப்பது, ஒரு பாடகரும் ஒரு கூட்டமும் ஒரு ராத்திரியில் சந்தித்துக்கொண்டது.

அந்த ராத்திரிக்கு முன்னால்

ஜூடியின் இயற்பெயர் ஃபிரான்சிஸ் எதெல் கம். 1922-இல் மினசோட்டா மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். கைக்குழந்தை வயதைத் தாண்டியதுமே அக்காமார்களோடு மேடை ஏறிவிட்டார். 13 வயதில் எம்.ஜி.எம். படநிறுவனத்தோடு ஒப்பந்தம். 17 வயதில் உலகப் புகழ். படப்பிடிப்புக்கு முழித்திருக்க ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை என்று அந்தக் காலத்தில் ஆரம்பித்த பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. 1950-இல் எம்.ஜி.எம். தொடர்பு அறுந்தது. மறு ஆண்டு லண்டன் பலேடியம், நியூயார்க் பேலஸ் அரங்குகளில் மேடைப் பாடகியாக மறுபடி எழுந்தார். 1954-இல் 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படம். அதில் ஆர்லன் இசையில் ஐரா கெர்ஷ்வின் எழுதிய 'த மேன் தட் காட் அவே'.

1959 நவம்பரில் கல்லீரல் அழற்சியால் மருத்துவமனையில் சேர்ந்தார். இனிமேல் பாடுவது கஷ்டம், வாழ்நாள் முழுக்கப் பாதி நோயாளியாகவே இருக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டே லண்டனில் மேடை ஏறினார், கூட நடிக்கவோ ஆடவோ யாரும் இல்லாமல், ஆர்க்கெஸ்ட்ராவும் தானுமாக. அங்கிருந்து அமெரிக்கா திரும்பி ஊர் ஊராகப் பாடிக்கொண்டு வந்த பயணத்தில்தான் கார்னகி ஹால் இரவு வந்தது. அப்போது அவருக்கு வயது 38.

அரங்கத்தின் கதையும் அப்போது அப்படித்தான் இருந்தது. 1891-இல் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியே வந்து இசை நடத்தித் திறந்த கட்டடம். அதை இடித்துவிட்டு அலுவலகக் கோபுரம் கட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் முன்னால் நின்று போராடி, 1960-இல் நியூயார்க் நகராட்சி 50 லட்சம் டாலருக்கு வாங்கிக் காப்பாற்றியது. பிழைக்காது என்று கைவிடப்பட்ட இரண்டு பேர் அன்று ராத்திரி சந்தித்துக்கொண்டார்கள் என்று சொன்னால் கொஞ்சம் நாடகத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் விஷயம் அதுதான். (எம்.எஸ். சுப்புலட்சுமி பின்னாளில் பாடிய அதே அரங்கம்தான் இது.)

கேட்கும்போது எதைக் கவனிப்பது

ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் மார்ட் லிண்ட்சி. தொடக்க இசைக்கு ஓவர்ச்சர் என்று பெயர். நாடகம் தொடங்கும் முன் அதன் மெட்டுகளைக் கோர்த்து வாசிக்கும் பழைய வழக்கம். இங்கே கோர்த்திருப்பவை 'த ட்ராலி சாங்', 'ஓவர் த ரெயின்போ', 'த மேன் தட் காட் அவே'. மூன்றும் ஜூடி நடித்த படங்களில் வந்தவை. அதாவது ஒரு நாடகத்தின் ஓவர்ச்சருக்குப் பதில் ஒரு வாழ்க்கையின் ஓவர்ச்சர். நான் தள்ளிவிட்டது இதைத்தான்.

சீக்கிரமே ஒரு மெட்லி வருகிறது. மெட்லி என்றால் இரண்டு மூன்று பாட்டுகளை ஒன்றாகத் தைத்துவிடுவது. 'ஆல்மோஸ்ட் லைக் பீயிங் இன் லவ்' 1947-இன் ஒரு நாடகத்தில் வந்தது. 'திஸ் காண்ட் பி லவ்' 1938-இன் வேறொரு நாடகத்தில், வேறு ஆட்கள் எழுதியது. முதல் பாட்டு காதல் வந்துவிட்டது போலிருக்கிறது என்கிறது. இரண்டாவது, இவ்வளவு சுகமாக இருக்கிறதே, இது காதலாக இருக்காது என்று கேலி செய்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் ஒரே பெண் தனக்குள் வாதாடுவதாக ஆகிவிடுகிறது. எழுதியவர்கள் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு குட்டி நாடகம். ஸ்டாண்டர்டுகளை வைத்துக்கொண்டு இப்படியும் விளையாடலாம்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த தவறு. 'யூ கோ டு மை ஹெட்' பாடும்போது நடுவில் அவருக்கு வரி மறந்துபோகிறது. தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆர்க்கெஸ்ட்ரா நிற்கவில்லை. ஜூடி வாய்க்கு வந்த சொற்களைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டே போய், மறுபடி சரியான இடத்தில் வந்து ஏறிக்கொள்கிறார். கூட்டம் ரசிக்கிறது. வெட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் கேப்பிடல் வெட்டவில்லை. இது அந்தக் காலத்துக்கே வந்த அதிர்ஷ்டமோ என்னவோ! ஓராண்டுக்கு முன்பு, 1960 பிப்ரவரியில், ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் மேற்கு பெர்லினில் 'மேக் த நைஃப்' பாடும்போது வரிகளைச் சுத்தமாக மறந்து, மறந்துவிட்டேன் என்பதையே பாட்டாகக் கட்டிப் பாடினார். அந்தப் பதிவுக்கு கிராமி கிடைத்தது. இருவரில் எல்லாவின் சாமர்த்தியம் பெரிது. அவர் சறுக்கியதைச் சங்கதியாக மாற்றிவிட்டார். ஜூடி சறுக்கியது சறுக்கியதாகவே இருக்கிறது. ஆனால் கூட்டத்துக்கு அவர்மேல் இருந்த பாசம் அந்த இடத்தில் அப்படியே காதில் விழுகிறது.

'சான் ஃபிரான்சிஸ்கோ' முழுக்க முழுக்கக் கலாட்டா. 1936-இல் அதே பெயருள்ள படத்தில் ஜெனட் மெக்டொனால்ட் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. ஜூடியின் நீண்டநாள் இசை ஆலோசகர் ரோஜர் ஈடன்ஸ் அதற்குப் புதிதாக ஒரு வெர்ஸ் எழுதிச் சேர்த்தார். அந்த ஜெனட்டையே செல்லமாகக் கிண்டல் செய்யும் வெர்ஸ். அதை ஜூடி பவ்வியமாகத் தொடங்கி, திடீரென்று வேகம் பிடித்து, சுருதி ஏற்றி, உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். சுருதி ஏற்றுவது ஜூடியின் ஆயுதம். பாட்டு முடிந்தது என்று நினைக்கும்போது ஆர்க்கெஸ்ட்ரா அரைக் கட்டை மேலே போகும், குரலும் கூடவே போகும். மலிவான வித்தை என்று சிலர் சொல்வார்கள். மலிவோ இல்லையோ, உடம்பில் ஏதோ நடக்கிறது.

அந்த இரைச்சலுக்கு மருந்து போல இரண்டாம் பாதியில் நோயல் கவர்டின் 'இஃப் லவ் வேர் ஆல்'. 1929-இன் 'பிட்டர் ஸ்வீட்' நாடகத்தில் வந்தது. பெரிய திறமை இல்லாவிட்டாலும் மக்களை மகிழ்விக்கத் தெரியும், அது போதும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் ஒரு பாடகியின் பாட்டு. ஆர்க்கெஸ்ட்ரா ஒதுங்கிக்கொள்கிறது, பியானோதான் கூட வருகிறது. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் ஒருவர்கூட அசைகிற சத்தம் இல்லை. கைதட்டலைக் கேட்பது போலவே இந்த அமைதியையும் கேட்க வேண்டும்.

'கம் ரெயின் ஆர் கம் ஷைன்' வேறு மாதிரி. நெல்சன் ரிடில் அமைத்த இசை. பாங்கோ மேளம் விடாமல் அடிக்கிறது. மழையோ வெயிலோ உன்னோடுதான் என்று இதமாகச் சொல்ல வேண்டிய காதல் உறுதிமொழி, இங்கே மிரட்டல் மாதிரி ஒலிக்கிறது. வேறு பாடகர்கள் இதை மெதுவாகத் தாலாட்டு போலப் பாடியதைக் கேட்டுவிட்டு ஜூடியிடம் வாருங்கள். அதே வரிகள், அதே மெட்டு, ஆனால் வேறு பெண். ஸ்டாண்டர்டு என்றால் என்ன என்று கேட்பவரிடம் இந்த ஒரு பாட்டின் இரண்டு பதிவுகளைப் போட்டுக் காட்டினால் போதும், நான் மேலே இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

'ஸிங்! வென்ட் த ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் மை ஹார்ட்' துள்ளலான, லேசான பாட்டு. அதன் பின்னால் இருப்பது லேசானதல்ல. 1935 நவம்பரில் 13 வயது ஜூடி இதை ரேடியோவில் பாடினார். அப்பா மருத்துவமனையில் கிடந்தார். அவர் கட்டில் அருகே ரேடியோ வைத்திருந்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அன்றிலிருந்து 25 வருடத்துக்கு மேலாக அந்தப் பாட்டை ஜூடி சிரித்துக்கொண்டே பாடிவந்தார். ஒரு பாட்டு எல்லாருக்கும் பொதுச்சொத்தாக இருக்கும்போதே ஒருவருக்கு மட்டும் சொந்தமாகவும் இருக்கலாம். கார்னகி ஹாலில் பாடிய 26 பாட்டுகளில் பலவற்றுக்கு இப்படி ஒரு தேதியும் ஒரு காயமும் உண்டு. வந்திருந்தவர்களுக்கு அதில் பாதியாவது பத்திரிகைகள் மூலம் தெரியும்.

பாட்டுகளுக்கு நடுவில் பேசுகிறார். லண்டனில் ஒரு பத்திரிகைக்காரர் நேரில் தேனாகப் பேசிவிட்டு, போய் தன் உடல் பருமனைப் பற்றி எழுதிய கதை. பாரிஸில் தலை அலங்காரம் செய்துகொண்ட கதை. நன்றாகச் சிரிக்க வைப்பார், சிரிப்பு எப்போதும் அவர்மேலேயே விழும்படி பார்த்துக்கொள்வார். பழைய எல்.பி.யில் இடம் போதாமல் சுருங்கிய பேச்சுகள் பிற்காலப் பதிப்புகளில் திரும்ப வந்திருக்கின்றன. 2001-இல் நாற்பதாவது ஆண்டுக்காக வந்த பதிப்பு கிடைத்தால் அதையே கேளுங்கள். பேச்சை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் கேட்பவர்கள் பாதிக் கச்சேரிதான் கேட்கிறார்கள்.

எல்லாமே இனிப்பு என்று சொல்ல மாட்டேன். 'ஸ்வானி', 'ராக்-எ-பை யுவர் பேபி வித் எ டிக்ஸி மெலடி' இரண்டும் அல் ஜோல்சன் புகழ்பெறச் செய்தவை. ஜோல்சன் வெள்ளைக்காரர், முகத்தில் கரி பூசிக் கறுப்பர் வேடமிட்டுப் பாடியவர். அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்களைச் சொர்க்கம் போல ஏங்குகிற வரிகள் இவற்றில் உண்டு. 1919-இல் 'ஸ்வானி'யை எழுதிய ஜார்ஜ் கெர்ஷ்வினும் இர்விங் சீசரும் நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அந்தத் தெற்கு வெறும் கற்பனைதான். ஜூடியின் குரல் இரண்டிலும் அபாரம். ஆனாலும் எனக்கு அந்த இடத்தில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. பழைய பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் இந்தப் பக்கங்களும் கூடவேதான் வரும்.

கடைசிப் பகுதிக்கு வரும்போது கூட்டம் கட்டுக்குள் இல்லை. ஆளாளுக்குப் பாட்டுப் பெயரைக் கத்துகிறார்கள். "எல்லாத்தையும் பாடுறேன், ராத்திரி முழுக்க இங்கேயே இருப்போம்!" என்கிறார் ஜூடி. பாதி சிரிப்பு, பாதி நிஜம். 'ஓவர் த ரெயின்போ' வருகிறது. 16 வயதில் படத்துக்காகப் பதிவு செய்தபோது அந்தத் தாவலில் நம்பிக்கை இருந்தது. 38 வயதில் குரல் கனத்திருக்கிறது, சில இடங்களில் நடுங்குகிறது, முதல் தாவலை ஜாக்கிரதையாக எடுத்துவைக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் விடவில்லை. 'ஸ்வானி', 'ஆஃப்டர் யூ ஹேவ் கான்', கடைசியில் 'சிகாகோ'.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கடைசி ஐந்து பாட்டிலிருந்து தொடங்கலாம் என்பேன். பிடித்துப்போனால் முதலிலிருந்து, ஓவர்ச்சரைத் தள்ளாமல். அப்புறம் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பெர்லின் கச்சேரி. அதற்கும் பிறகு பாடகர் ஃபிராங்க் சினாட்ராவும் கவுண்ட் பேஸி ஆர்க்கெஸ்ட்ராவும் லாஸ் வேகாஸில் சேர்ந்து செய்து 1966-இல் வெளியான 'சினாட்ரா அட் த சேண்ட்ஸ்'. மூன்றும் ஒரே வகைப் பாட்டுகள்தான். எல்லாவிடம் விளையாட்டு, சினாட்ராவிடம் தெனாவட்டு, ஜூடியிடம் இரண்டும் கிடையாது. அவர் ஒவ்வொரு பாட்டையும் இதுதான் கடைசி என்பது போலப் பாடுகிறார். 1969 ஜூனில், 47 வயதில், லண்டனில் இறந்துபோனார்.

2006 ஜூனில் ரூஃபஸ் வெயின்ரைட் என்ற பாடகர் அதே கார்னகி ஹாலில் அந்த ஆல்பத்தை முழுசாக, பாட்டு வரிசை மாறாமல் பாடினார். அதுவும் ஆல்பமாக வந்தது. அதில் 'ஆஃப்டர் யூ ஹேவ் கான்' வரும்போது கூடப் பாட மேடைக்கு வந்தவர் லார்னா லஃப்ட், ஜூடியின் மகள். 1961-இல் அம்மா அந்த மேடையில் பாடியபோது அவருக்கு வயது எட்டு.